மதகுச் சாவியும் பீப்பாய் ஷிராஸும்

நாசிக்
18-7-2005

விருத்தாம்பாளுக்கு,

பஞ்சநாதன் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டால், "இன்னும் சாவலையான்னு கேக்கறியா?" என்று திருப்பிக் கேட்பாய். அதனால் கேட்கவில்லை. நீயும் கேட்க வேண்டாம். சோறு கிடைக்கிறது, சப்பாத்தி அதைவிட அதிகமாகக் கிடைக்கிறது. கிழித்து அடுப்பில் போடுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி. நாலாம் வகுப்போடு நின்றவன் ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நம் ஊர்க் கலியன் என்னை இங்கே கூட்டி வரும்போது திராட்சைக் கம்பெனி என்றுதான் சொன்னான். பாயசத்துக்குப் போடுகிற உலர்ந்த திராட்சை என்று நினைத்துக்கொண்டேன். வந்து பார்த்தால் பனைமரத்தில் பாதி உயரத்துக்கு வரிசையாக ஸ்டீல் தொட்டிகள். ஒரு மூடியைத் திறந்தான். வந்த வாசனையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"டேய் கலியா, இது சாராயம்டா!"

"சாராயம் இல்லண்ணே, ஒயினு. பெரிய மனுஷங்க குடிக்கிறது."

"பெரிய மனுஷன் குடிச்சா வாந்தி வராதாடா?"

பெருமுக்கல் மலைக்கோயிலில் உன் எதிரில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணினேன், இனிமேல் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தச் சாமி என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். அதற்கும் என்னை மாதிரியே கிண்டல் புத்தி.

திரும்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வந்தால் எங்கே நிற்பது? உன் அண்ணன் புருஷோத்தமன் என்னை உப்பளத்துப் பக்கம் பார்த்தால் உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அதனால் இருக்கிறேன். தொட்டி கழுவுகிற வேலை. ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே ஊர்ந்து போய்த் தேய்த்துவிட்டு வெளியே வர வேண்டும். நீ பார்த்தால் எலி வளைக்குள் போகிறது என்று சிரிப்பாய். சிரித்து எவ்வளவு நாள் ஆகிறது?

சித்திரைப் பௌர்ணமிக்கு நடந்தது நடந்துவிட்டது. கண் அசந்துவிட்டேன் என்று உன்னிடமும் உன் அண்ணனிடமும் நூறு தடவை சொல்லிவிட்டேன். இது நூற்றியொன்று.

பஞ்சநாதன்


மரக்காணம்
2-8-2005

பூவிழி அப்பாவுக்கு விருத்தாம்பாள் எழுதுவது.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நீங்கள் இருக்கிற இடம் தெரிந்திருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். உங்கள் பேரை நான் எழுதக்கூடாது என்பதால் மேல்விலாசம் தபால்காரர் எழுதிக் கொடுத்தார். "ஒயின் கம்பெனியா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

நூற்றியொரு தடவை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு தடவை சொல்கிறேன், கேளுங்கள்.

போன மார்கழியில் கடல் தானாக வந்தது. அண்ணனின் பதினாலு பாத்தியிலும் இடுப்பளவு சேறு. தை, மாசி இரண்டு மாதம் நானும் அண்ணனும் அண்ணியும் அந்தச் சேற்றைக் கூடையில் அள்ளினோம். என் கால் விரலிடுக்கு இன்னும் ஆறவில்லை. சித்திரையில் முதல் உப்பு பூத்தது. வெள்ளை வெளேர் என்று. நாளைக்கு வாரலாம் என்று அண்ணன் சொன்னார். பௌர்ணமிக்குக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மதகை இறக்கிப் பூட்ட வேண்டும். அந்த ஒரு வேலைதான் உங்களுக்கு. ஒரு பலகையை இறக்க வேண்டும், ஒரு பூட்டைப் போட வேண்டும். விடியும்போது பதினாலு பாத்தியிலும் உப்பு இல்லை, தண்ணீர்தான். நீங்கள் மதகு மேட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தீர்கள். பக்கத்தில் பாட்டில்.

கடல் முதல் தடவை தானாக வந்தது. இரண்டாவது தடவை நீங்கள் கூப்பிட்டு உள்ளே விட்டீர்கள்.

இப்போது தொட்டி கழுவுகிறீர்களாம். கழுவுங்கள்.

விருத்தாம்பாள்


நாசிக்
25-9-2005

விருத்தா,

நீ "நீங்கள்" என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். வேறு யார் வீட்டுக் கடிதமோ மாறி வந்துவிட்டது என்று மேல்விலாசத்தைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக "யோவ்" என்று கூப்பிட்டவள் நீ. அந்த "யோவ்" எப்போது வரும்?

நீ எழுதியது எல்லாம் நிஜம். பதில் இல்லாதவன் கதை சொல்வான். ஒரு கதை சொல்கிறேன்.

இங்கே பெரிய பொறுப்பில் இருப்பது ஒரு மேடம். கோயமுத்தூரில் விவசாயம் படித்தவர், பத்து வார்த்தையில் மூன்று தமிழில் பேசுவார். ஒவ்வொரு தொட்டியிலும் எந்தக் கொல்லைப் பழம், எந்த மாதம் என்று சாக்பீசில் எழுதி வைத்திருப்பார்கள். நான் புதுசில்லையா, சுத்தம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒன்பது தொட்டியையும் வெளிப்பக்கமும் பீய்ச்சித் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். ஒரு எழுத்து மிச்சமில்லை. மேடம் வந்து பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கணக்கு நோட்டு இருந்ததாம், எந்தத் தொட்டி எது என்றுதான் தெரியவில்லையாம்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதுசில் என்னைப் பாத்தி பாத்தியாகக் கூட்டிப் போய், தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பச் சொல்லிக் கொடுத்தாயே. இது முதல் பாத்தித் தண்ணீர், இது மூன்றாவது, இது உப்புப் பூக்கத் தயாரானது, இது வாரின பிறகு நிற்கிற கசப்புத் தண்ணீர், வெளியே விட வேண்டியது என்று. அதையே செய்தேன். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு, நாக்கில் வைத்தேன், துப்பினேன். "இதுவும் இதுவும் ஒரே பாத்தி. இது மேட்டு நிலம். இது ரெண்டும் கலந்தது" என்று சொன்னேன். மேடம் ஏதோ மிஷினில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்பதில் எட்டு சரி.

அன்றிலிருந்து எனக்குத் தொட்டி கழுவுகிற வேலை இல்லை. காலையும் மாலையும் ருசி பார்க்கிற வேலை. பயப்படாதே. இங்கே படித்தவர்கள் எல்லோரும் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பத்தான் செய்கிறார்கள். துப்புவதற்கென்றே பித்தளைக் குடம் இருக்கிறது. நம் வீட்டுச் செம்பைவிட அழகாக இருக்கிறது.

இந்தத் திராட்சைக்குப் பேர் ஷிராஸ். சின்னப் பழம், கறுப்பு, தோல் மட்டும் தடிப்பு. உள்ளே சாறு வெள்ளைதான், நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு நாலைந்து மணி நேரம் மட்டும் ஊற வைத்து வடித்தால் ரோஸ் நிறம். வெற்றிலை போட்டவன் வாய் கொப்பளித்த தண்ணீர் போல. பச்சை நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பத்து நாளுக்கு மேல் தோலோடு கிடந்து ஸ்டீல் தொட்டியில் நின்றது இன்னொரு ரகம். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வாயெல்லாம் பிடிக்கும், நுனி நாக்கில் மிளகு கடிக்கும். மிளகு யாரும் போடவில்லை, அந்தப் பழத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த ஊரில் விளைந்தால் மிளகு அதிகமாம், வெயில் ஊரில் விளைந்தால் பழம் காய்ச்சின பாகு மாதிரியாம். வேறு தேசத்தில் இதே பழத்துக்கு சிரா என்று பேராம். நான்கூட மரக்காணத்தில் குடிகாரன், நாசிக்கில் ருசி பார்க்கிற பெரிய மனுஷன்.

மூன்றாவது ரகம் இருக்கிறது பார், அதுதான் ராஜா. வெளிநாட்டு மரத்தில் செய்த பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்தது. கிராம்பு, கொஞ்சம் புகை, மிளகு அடங்கிப் போய்ப் பின்னால் நிற்கும். தொண்டையைத் தாண்டினதும் நெஞ்சில் யாரோ வெதுவெதுப்பான கையை வைத்த மாதிரி ஒரு சூடு. அந்தக் கை கொஞ்ச நேரம் எடுக்காமலே இருக்கும்.

உன் கையை நினைத்துத்தான் எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே.

பஞ்சநாதன்


மரக்காணம்
6-11-2005

பூவிழி அப்பாவுக்கு,

மழை கொட்டுகிறது. பாத்தியும் வரப்பும் தெரியவில்லை, எல்லாம் ஒரே ஏரி. தை பிறக்கும்வரை உப்பளத்தில் வேலை இல்லை. பூவிழி மாமியார் வீட்டிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இரண்டு மாதமாக முழுகாமல் இருக்கிறாள். "அப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். உன் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாய் கொப்பளித்த தண்ணீர் என்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணனிடம் போனேன். நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்பதை வேறு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் நான் சொல்லிவிடலாம் என்று.

"நாக்குல வச்சுத் துப்புறானா? யார்கிட்ட கதை வுட்றான் அவன்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காக வந்ததில்லை, அண்ணன் யோசிக்காமல் பேசினாரே என்றுதான்.

"ஏண்ணே, நீ ஒரு நாளைக்கு எத்தினி தபா பாத்தித் தண்ணிய நாக்குல வச்சுத் துப்புற? அதுக்காவ உன்ன கடலையே குடிச்சவன்னு சொல்லலாமா?"

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னார்:

"சரி. சத்தியம் பண்ணி வர்ற ஆனியோட ஒரு வருஷம். அதுவரைக்கும் தொண்டைக்குள்ள எறங்கலன்னு நீ வாக்குக் குடு. வரச் சொல்றேன். மதகையும் அவன்கிட்டயே குடுக்கறேன். அவன் வாக்கு எனக்கு வேணாம். உன் வாக்கு போதும்."

கொடுத்துவிட்டேன். உப்பளத்துக்காரி நாக்கு ஒரு இடம், தொண்டை ஒரு இடம் என்று எனக்குத் தெரியும் என்றேன். என் அண்ணன் முன்னால் இதுவரை நான் சொன்ன எதுவும் பொய்யானது இல்லை.

யோவ், கேட்கிறதா? இந்தச் சொல் வேண்டும் என்றாயே, எழுதிவிட்டேன். ஆனி மாதம் வந்து சேர். மதகு மேட்டில் குடிசை சரிந்துவிட்டது, நீதான் வந்து நிமிர்த்த வேண்டும்.

விருத்தாம்பாள்


நாசிக்
20-2-2006

என் விருத்தாவுக்கு,

உன் "யோவ்" வந்ததிலிருந்து இன்லண்டை மடித்துப் பனியனுக்குள் வைத்திருந்தேன். வியர்வையில் பாதி எழுத்து கரைந்துவிட்டது. அண்ணன் பேசினது கரைந்துவிட்டது, "யோவ்" மட்டும் நிற்கிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் அறுப்பு. விடியும் முன்னே கொல்லைக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் பழம் அறுத்து முடிக்க வேண்டும். கை முழுக்கக் கறுப்பு. சாப்பிடும்போது சப்பாத்தியும் ஊதாவாகிவிடுகிறது.

பழத்தை மசித்துத் தொட்டியில் விட்டதும் அது தானாகக் கொதிக்க ஆரம்பிக்கிறது. அடுப்பு கிடையாது. தோலெல்லாம் மேலே வந்து அடை மாதிரி மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று வேளை கட்டையால் அதை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் மேலே காய்ந்து கெட்டுப்போகும். முதல் நாள் தொட்டி மேல் பலகையில் நிறுத்திக் கட்டையைக் கையில் கொடுத்ததும் நான் பாத்தியில் உப்பாடையை உடைக்கிற மாதிரி பின்னால் நடந்துகொண்டே இழுத்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள். கலியன், "அண்ணே, இது உப்பு இல்லண்ணே, பின்னால போனா கீழ வுழுந்துடுவ" என்றான். விழுந்திருப்பேன். எட்டடி.

மேடம் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார். ஊரில் என் பொண்டாட்டியிடம் மதகு இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. மதகு என்றால் என்ன என்று கையால் காட்டினேன். அதுவும் புரியவில்லை. ஆனியில் கிளம்புகிறேன் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

கலியன் பங்குனியில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். பீப்பாய் ஷிராஸ், மேடமே எனக்குக் கொடுத்தது. பதறாதே! குடிக்க இல்லை. நீ ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார். மிளகு இருக்கிறதா, கிராம்பு இருக்கிறதா, நான் எழுதினதெல்லாம் நிஜமா என்று நீயே சொல். இந்த நாக்கு நீ பழக்கின நாக்கு. வாத்தியாரம்மா பரீட்சை வைத்து மார்க் போட வேண்டாமா? என் நாக்கைவிட உன் நாக்கு கூர்மை. எல்லா விஷயத்திலும்.

பார்த்துவிட்டுத் துப்பிவிடு. பழகிவிடப் போகிறது!

உன்
பஞ்சநாதன்


மரக்காணம்
2-4-2006

பூவிழி அப்பாவுக்கு,

கலியன் வந்தான். பாட்டிலைப் பழைய லுங்கியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தான். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். ஏன் பார்க்கவில்லை என்று அப்போது தெரியவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் புதுப் பூட்டு வாங்கி மதகுச் சங்கிலியில் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். "அவன் வர்ற வரைக்கும் நீ வச்சிரு" என்று. விரல் நீளத்துக்கு இரும்புச் சாவி. இடுப்பில் செருகியிருந்தேன்.

உச்சி வெயிலில் ஆட்கள் சாப்பிடப் போன பிறகு உப்புக் குவிக்கிற கொட்டகைக்குப் பாட்டிலை எடுத்துப் போனேன். மூடியைப் பிடுங்கத் தெரியவில்லை. அந்தச் சாவியாலேயே தக்கையைக் குத்தி உள்ளே தள்ளினேன். வாயைத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவினேன். பாத்தித் தண்ணீர் பார்க்கும்போது எப்படியோ அப்படி. விரலில் தொட்டு வைத்தேன், துப்பினேன். அப்புறம் ஒரு வாய் வைத்தேன், துப்பினேன்.

மிளகு இருக்கிறது. நுனி நாக்கில் இல்லை, நீ சொன்ன மாதிரி பின்னால். கிராம்பும் சரி. புகையும் சரி, பனை ஓலை எரிந்து அடங்கின பிறகு வருகிற மாதிரி. வாழைப்பூவைப் பச்சையாக மென்ற துவர்ப்பு, அதை நீ எழுதவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

அப்புறம் அந்தக் கை ஞாபகம் வந்தது. நெஞ்சில் வைத்த மாதிரி வெதுவெதுப்பாக ஒரு கை என்று எழுதியிருந்தாயே. எனக்கு வரவில்லை. சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு வாய் வைத்தேன், கொப்பளித்தேன், துப்பினேன். இல்லை. இன்னும் ஒரு வாய். நாக்கில் எல்லாம் இருக்கிறது, நெஞ்சில் ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாக நாக்கில் வைத்துத் துப்புகிறவள் நான். நாக்கில் வைத்தது எதுவரை போகும் என்று எனக்குத் தெரியாதா? அது நெஞ்சுக்குப் போகாது.

நான்காவது வாய் முழுங்கினேன்.

ஆமாம். என் கல்யாணத்துக்கு முன்னால் அப்பனையும் அப்புறம் உன்னையும் தெருவிலிருந்து தூக்கினவள், சாராயம் பட்ட துணியைத் தனியாகத் துவைத்தவள், முழுங்கினேன். வந்தது. நீ எழுதின மாதிரியே வந்தது. கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தது.

அந்தக் கடிதத்தின் தேதியைப் போய்ப் பார்த்தேன். புரட்டாசி. கற்பூரம் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் நான் அண்ணன் முன்னால் போய், நாக்கு ஒரு இடம், தொண்டை ஒரு இடம் என்று வாய் கிழியப் பேசினேன்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. மீதியைக் கொட்டவும் இல்லை. துணியை உருண்டையாக்கி அடைத்துக் கொட்டகை மூலையில் வைத்திருக்கிறேன். ஆனியில் வா. என் எதிரில், அண்ணன் எதிரில், அதில் ஒரு வாய் வைத்துத் துப்பு. துப்பிவிட்டால் சாவி உன்னுடையது. பழசை நான் கேட்க மாட்டேன்.

விருத்தாம்பாள்


நாசிக்
23-4-2006

விருத்தாம்பாள்,

பரீட்சை வைக்கச் சொன்னது நான்தான்.

ரோஸ் நிறத்தைத் துப்பினேன். ஸ்டீல் தொட்டியையும் துப்பினேன். இந்த இரண்டிலும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, நம்பினால் நம்பு. பீப்பாயை முதல் நாளே துப்ப முடியவில்லை. வாயில் வைத்தேன், குனிந்தேன், பித்தளைக் குடத்தில் என் முகம் தெரிந்தது, முழுங்கிவிட்டேன். ஒரு வாய்தான். மறுநாளும் ஒரு வாய். அதற்கு மேல் போகவில்லை, தள்ளாடவில்லை, எங்கேயும் விழுந்து கிடக்கவில்லை. ஒரு வாய்க்கு மேல் போகாததால் சத்தியம் உடையவில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கலியனுக்குத் தெரியும். அவன் ஒருநாள் கேட்டான். தமாஷ் பண்ணி அனுப்பிவிட்டேன். எல்லோரையும் அப்படித்தானே அனுப்புகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இவ்வளவு எழுதின பிறகு அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

சித்திரைப் பௌர்ணமிக்கு நான் கண் அசரவில்லை. நூற்றியொரு தடவை சொன்னதும் பொய். முழித்துக்கொண்டுதான் இருந்தேன். நிலா ஏறினது. வாய்க்காலில் தண்ணீர் ஏறினது. மதகு வாயில் ஒரு சாண் ஏறினபோது, இந்தக் கிளாஸ் முடிந்ததும் எழுந்து இறக்கலாம் என்று நினைத்தேன். முதல் பாத்திக்குள் போனதைப் பார்த்தேன். உப்பின் மேல் தண்ணீர் ஏறும்போது நிலா வெளிச்சத்தில் அது எப்படி இருந்தது என்று சொன்னால் நீ என்னைக் கொன்றுவிடுவாய். அழகாக இருந்தது. இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். தூக்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆனியில் நான் வரவில்லை. உன் எதிரில் அந்தப் பீப்பாய்ச் சரக்கை வாயில் வைத்தால் முழுங்கிவிடுவேன். எனக்குத் தெரியும். உன் அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்க, உன் வாக்கை நான் முழுங்குவதைவிட இங்கேயே இருக்கிறேன். மேடத்திடம், திரும்பவும் தொட்டி கழுவுகிற வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏன் என்றார். பித்தளைக் குடத்தைக் கையால் காட்டினேன்.

பூவிழிக்குக் குழந்தை பிறந்தால் ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பஞ்சநாதன்


மரக்காணம்
25-6-2006

பூவிழி அப்பாவுக்கு,

பூவிழிக்குப் பெண் குழந்தை. மூன்றே கால் கிலோ. மூக்கு உன் மூக்கு, வேறு வழியில்லை.

ஆனி பிறந்து பத்து நாள் ஆயிற்று. அண்ணன் கேட்டார். "அவருக்கு அங்க வேலை பர்மனென்ட் ஆயிட்டுதாம்ணே, வரமாட்டாராம்" என்றேன். "நல்ல வேலையா?" என்றார். "தொட்டி கழுவறது" என்றேன். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. ஆக, நானும் அண்ணன் முன்னால் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

மதகு என் பொறுப்பு. சித்திரைப் பௌர்ணமிக்கும் வைகாசிப் பௌர்ணமிக்கும் நான்தான் இறக்கிப் பூட்டினேன். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். நிலா வெளிச்சத்தில் உப்பு எப்படி இருக்கிறது என்று நானும் பார்த்தேன். தண்ணீர் ஏறாமலே அழகாகத்தான் இருக்கிறது. நீ சும்மா இருந்திருந்தாலே பார்த்திருக்கலாம்.

நேற்று அந்தப் பாட்டிலைத் திறந்தேன். துணி அடைப்பு, இந்த வெயில், கொட்டகைச் சூடு. உன் ராஜா புளித்துப் போய்விட்டார். மிளகு இல்லை, கிராம்பு இல்லை, ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி மாதிரி இருக்கிறது. நாக்கில் பட்டதும் நானே தூக்கி எறிகிற மாதிரி துப்பினேன். பக்கத்தில் உப்புக் குவித்துக்கொண்டிருந்த அண்ணி அந்த வாடைக்கே தலையைச் சிலுப்பிக்கொண்டு வெளியே ஓடினாள். இதை எவனாலும் முழுங்க முடியாது. உன்னாலும் முடியாது.

ஆகவே வருவதானால் வா. என் எதிரில் இதில் ஒரு வாய் வை, துப்பு. பேத்தியைப் பார். சோறு போடுகிறேன். சரிந்த குடிசையை நிமிர்த்திக் கொடு.

சாவியை மட்டும் கேட்காதே. அது என் இடுப்பில் இருக்கிறது.

விருத்தாம்பாள்